வராந்தாவில் ஏறிய இத்தாலிக் கார்

போன வாரம் என் பழைய அலுவலகத்திலிருந்து கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. தானியங்கிச் சோதனை மையம் வரப்போகிறதாம். அதற்காகப் பழைய கோப்புகளையெல்லாம் ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறார்களாம். அனுப்பியவர் எனக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர். படத்தில் இருந்தது எங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வராந்தா. மூன்று படிக்கு மேலே, தகவல் அறியும் உரிமைச் சட்ட அறிவிப்புப் பலகைக்குக் கீழே, மாம்பழ மஞ்சளில் ஓர் இத்தாலி ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது.

“இது ஏ.ஐ.-ல செஞ்ச படமா சார்?” என்று கேட்டிருந்தார்.

இல்லை தம்பி. இருபத்து நான்கு ஆட்கள் சேர்ந்து, தோளில் துண்டு போட்டுக்கொண்டு செய்த படம் அது. போனில் சொன்னால் நம்ப மாட்டார் என்பதால் எழுதிவிடுகிறேன். எழுத்தில் இருந்தால் எங்கள் துறையில் எதையும் நம்புவார்கள்.

நான் வேலைக்கு வந்த கதை சிறியது. ஆட்டோமொபைலில் டிப்ளமா, லாரிப் பட்டறையில் ஓராண்டு கிரீஸ், அரசுத் தேர்வு, பயிற்சி. பயிற்சியில் சொல்லித் தந்தது ஒன்றுதான்: எந்த வண்டி வந்தாலும் அதில் என்ன சரியில்லை என்று பார். முப்பத்தோரு வருடம் அப்படியே பார்த்தேன். என் தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக் காரின் இடது பின்விளக்கு எரியவில்லை என்று சம்பந்தியிடம் சொல்லி, அந்த வீட்டில் இன்றுவரை எனக்குக் காபி ஆறித்தான் வருகிறது.

ஆனால் ஒரு பலவீனம் இருந்தது. டிப்ளமா படித்த நாளில் நூலகத்துக்கு ஒரு வெளிநாட்டு மோட்டார் பத்திரிகை ஆறு மாதம் பிந்தி வரும். அதன் நடுப்பக்கத்தில் மாதம் ஒரு இத்தாலிக் கார். நடுப்பக்கம் மட்டும் யாரோ கிழித்துவிடுகிறார்கள் என்று நூலகர் கல்லூரி முழுக்க விசாரணை நடத்தினார். அந்த விசாரணைக் குழுவில் நானும் இருந்தேன். கிழித்தவனும் நான்தான். நூலகர் இப்போது இல்லை என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

அதன்பின் நான் பார்த்ததெல்லாம் லாரி, மினி பஸ், டிராக்டர், கரும்பு டிரெய்லர், ஆடு ஏற்றும் வேன். லாரியில் ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் இருக்கும். ஏன் இவ்வளவு உயரம் என்றால் மூட்டை என்பார்கள். ஏன் இவ்வளவு அகலம் என்றால் அதுவும் மூட்டைதான். மூட்டையையே நினைக்காமல் ஒருவன் வண்டி வரைந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு என்னிடம் டிரங்குப் பெட்டியின் அடியில் பதினோரு கிழிந்த தாள்கள்தான் சாட்சி.

இனி எங்கள் மேலதிகாரி. வட்டாரப் போக்குவரத்து அலுவலர் குஞ்சிதபாதம். வீடு கே.கே. நகரில். சட்டைப் பையில் பச்சை மைப் பேனா, சின்ன டார்ச், எஃகு டேப். மூன்றும் இல்லாமல் அவரை நான் கல்யாண மண்டபத்தில்கூடப் பார்த்ததில்லை. சொந்த வேலைக்கு அலுவலக ஜீப்பை எடுக்க மாட்டார். அவருக்குப் பிடிக்காதவை இரண்டு: லஞ்சம், அடைமொழி. ‘மிகவும் பழுதடைந்த பேருந்து’ என்று ஒரு குமாஸ்தா எழுதிவிட்டார். ‘மிகவும்’ என்பதைப் பச்சை மையில் அடித்து, ஓரத்தில் ‘எவ்வளவு?’ என்று கேட்டு அனுப்பினார். கேன்டீனில் ஒருமுறை “சாம்பார் எப்படி சார் இருக்கு?” என்று மரியாதைக்குக் கேட்டேன். கரண்டியைக் கீழே வைத்து யோசித்துவிட்டு, “சாம்பார் இருக்கு” என்றார்.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய வருடம் அந்த விண்ணப்பம் வந்தது. விண்ணப்பதாரர் டாக்டர் வேதவல்லி, ஸ்ரீரங்கம், எலும்பு மருத்துவர். பெங்களூரில் பதிவான கார், இங்கே மறுபதிவு. தயாரிப்பு நாடு: இத்தாலி. நான் அந்தத் தாளை நான்கு முறை படித்தேன். பக்கத்து மேஜைக்காரர், “என்ன சார், எதாவது தப்பா இருக்கா?” என்றார். “இன்னும் கிடைக்கல” என்றேன்.

மறுபதிவுக்குத் தடையில்லாச் சான்று என்று ஒன்று வேண்டும். அதற்கு ஆயுள் உண்டு. டாக்டரம்மாவின் சான்றுக்குக் கெடு அவர் வண்டியைக் கொண்டுவந்த அன்றே மாலை. ஏன் இவ்வளவு தாமதம் என்றால், பின்விளக்குக் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டிருந்தது. அது இத்தாலியிலிருந்து வர நான்கு மாதம் ஆகியிருக்கிறது. வண்டியை விற்ற பெங்களூர்ப் பெரியவர் ஒரு நிபந்தனை எழுதி வாங்கியிருந்தார். கெடுவுக்குள் பதிவாகவில்லை என்றால் வண்டி திரும்பி வர வேண்டும். வரிசையில் அடுத்த ஆள் காத்திருக்கிறார். அந்த அடுத்த ஆள் ஓட்டல் நடத்துபவர். காரை முகப்பு மண்டபத்தில் கண்ணாடிக் கூண்டு கட்டி வைக்கப்போகிறாராம். மாலைக்குள் எங்கள் கையெழுத்து விழுந்தால் கார் சாலையில் ஓடும். விழாவிட்டால் கூண்டில் நிற்கும்.

காலை பத்தே காலுக்கு முதலில் வந்தது கார் அல்ல, டாக்டரம்மாவின் கணவர் சம்பத். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் மடக்குக் குடையோடு காருக்கு முன்னால் நடந்து வந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி எங்கள் அலுவலகம் வரும்வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் இறங்கி, குடையை நட்டு உயரம் பார்த்து, கையைக் காட்டி வண்டியைக் கோணலாக ஏற்றியிருக்கிறார். இவ்வளவு தாழ்ந்த வண்டி நேராக ஏறினால் மூக்கு இடிக்கும். கோணலாக, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற வேண்டும்.

“என்னைக் கேட்டப்போ இந்த வண்டியே வேண்டாம்னேன் சார். பால் வாங்கிண்டு வர ஆகுமா இது?” என்றார் என்னிடம்.

“பால் பாக்கெட்தானே, உங்க மடியில வெச்சுண்டா ஆகும்” என்றார் காருக்குள்ளிருந்து டாக்டரம்மா.

ஆகாததும் வந்து சேர்ந்தது: எங்கள் வாசல் வேகத்தடை. போக்குவரத்து அலுவலகத்தின் வேகத்தடை ஊருக்கே முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று அதைக் கட்டியவர் நினைத்திருக்க வேண்டும். லாரிகளே ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் ஏறும். இருபுறமும் மதில், கோணலாகத் திரும்பவும் இடமில்லை.

அன்று தகுதிச் சான்றுக்காகக் காத்திருந்த லாரிகளில் முதல் லாரி காதர் பாயுடையது. இறங்கி வந்து காரை ஒரு சுற்றுப் பார்த்தார். “என்னங்க இது, ஸ்கூல் வேன் மேல எதுவும் ஏறிடுச்சா?” என்று கேட்டுவிட்டு, தன் லாரியிலிருந்து இரண்டு நீளப் பலகைகளை எடுத்துப் போட்டார். கார் பலகையில் ஏறியது. மூக்கு தப்பியது. ஆனால் வயிறு வேகத்தடையின் முதுகில் உட்கார்ந்து, முன்னும் பின்னும் தராசுத் தட்டு போல ஆடியது. நான்கு பேர் பிடித்துப் பின்னால் இறக்கினோம்.

வெளியே நிறுத்தியே பார்த்துவிடலாம் என்றால் முடியாது. ஆய்வுப் படத்தைக் கையடக்கக் கணினியில் எடுக்கும்போது இடமும் சேர்ந்து பதிவாகும். மதிலுக்கு வெளியே எடுத்த படத்தை அது ஏற்காது. நான் மேலதிகாரியிடம் ஓடினேன். அவர் வந்து வேகத்தடையை டேப்பால் அளந்து, டைரியில் குறித்துக்கொண்டார். முகத்தில் எந்தக் கருத்தும் இல்லை.

“சார், அந்தப் பக்கம் இன்னொரு கேட் இருக்கே. அதுல மேடே இல்ல. அது வழியா வந்துடறேனே” என்றார் டாக்டரம்மா.

“அது வெளியே போற வழிங்க” என்றார் குஞ்சிதபாதம்.

“அதனால என்ன? இருபதடி தூரம்தானே?”

“எதிர்த்திசையில வர்றது குத்தம். தினம் பத்துப் பேருக்கு அதுக்கு அபராதம் போடறோம். இதே வாசல்ல நானே அனுமதிச்சா, இந்த லாரிக்காரங்க முகத்துல எப்படி முழிப்பேன்?”

“எங்க முகத்துல முழிக்கறதுக்கெல்லாம் ரொம்ப யோசிக்காதீங்க சார்” என்றார் காதர் பாய்.

கிரேன் வைத்துத் தூக்கலாமா என்று கேட்டேன். கிரேனில் வந்தால் ‘ஓடாத வண்டி’ என்ற இனத்தில் போய்விடும். அதற்கு வேறு படிவம், வேறு நாள் என்றார். அவர் சொன்னது சரிதான். அந்தப் படிவம் எனக்கு மனப்பாடம்.

டாக்டரம்மா ஸ்டியரிங்கை விட்டார். பிறகு போனை எடுத்தார். “வரதா, உன் தோள் எப்படி இருக்கு?” என்றார்.

வரதன் யாரென்று சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்தில் பெருமாள் புறப்பாடு ஆகும்போது பல்லக்கைச் சுமப்பவர்களுக்கு ஸ்ரீபாதம் தாங்கிகள் என்று பெயர். அவர்களில் ஒருவர் வரதன். அந்தத் தோள்கள் அத்தனையும் தேய்ந்து, வீங்கி, கடைசியில் வந்து சேரும் இடம் டாக்டர் வேதவல்லியின் மாலை நேர கிளினிக். பன்னிரண்டு மணிக்கு இரண்டு மினி வேன்களில் இருபத்து நான்கு பேர் வந்து இறங்கினார்கள். பந்தல்காரரிடம் வாங்கிய முரட்டு மூங்கில்களும் வந்தன.

“டாக்டரம்மா, போன வாரம் நீங்கதானே ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாதுன்னீங்க?” என்றார் வரதன்.

“தண்ணிக் குடம்தானே தூக்கக் கூடாதுன்னேன்? இது எட்டடி தூரம். முடிஞ்சதும் எல்லாரும் கிளினிக்குக்கு வந்துடுங்கோ, ஊசி போட்டுடறேன்.”

“இது எவ்வளவு கனம் சார்?” என்று வரதன் என்னைக் கேட்டார். ஆயிரத்து நானூறு கிலோ என்றேன். பின்னால் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். “தேவலை” என்றார்கள்.

குஞ்சிதபாதம் கையை உயர்த்தினார். “தூக்கிட்டு வந்தாலும் ஓடாத வண்டிதான்.”

இங்கேதான் என் முப்பது வருட அனுபவம் கைகொடுத்தது. “சார், ஆத்தைப் படகுல தாண்டற பைக்கை ஓடாத வண்டின்னு யாரும் எழுதறதில்ல. என்ஜின் ஓடிட்டு இருக்கு, டிரைவர் சீட்ல இருக்காங்க, கியர் விழுந்திருக்கு. நடுவுல எட்டடிக்குச் சாலை சரியில்ல. குறை சாலையில, வண்டியில இல்ல.”

அவர் டைரியில் குறித்த வேகத்தடை உயரத்தை ஒருமுறை பார்த்தார். “என்ஜின் ஓடிட்டே இருக்கணும்” என்றார்.

காதர் பாயும் மற்ற லாரிக்காரர்களும் ஜாக்கி வைத்து நெம்பி, சரக்குக் கட்டும் பட்டைகளை அடியில் விட்டு, மூங்கில்களைக் கோத்தார்கள். வரதன் ஒரு குரல் கொடுத்தார். கார் எழுந்தது. உள்ளே டாக்டரம்மா வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். பின் சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றின. சம்பத் எதற்கென்றே தெரியாமல் குடையை விரித்துக் காருக்கு மேலே பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். இருபத்து நான்கு பேரும் காலெடுத்து வைத்த அழகில், அந்த வேகத்தடை இருந்ததே தெரியவில்லை.

தாண்டியாயிற்று. “இறக்குங்க, இறக்குங்க” என்று கத்தினேன். இறக்கவில்லை. அதே நடையில் மைதானத்தைக் கடந்தார்கள். சோதனை மேடையைத் தாண்டினார்கள். கொடிக்கம்பத்தைத் தாண்டினார்கள். எங்கள் வராந்தாவின் மூன்று படிகளில் ஒரு சொட்டு ஆட்டமில்லாமல் ஏறி, மேலதிகாரி அறை வாசலுக்கு நேரே காரை வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

“என்ன வரதா இது!” என்றார் டாக்டரம்மா, கண்ணைத் திறந்து பார்த்து.

“பின்ன? தோள்ல ஏறினதை வெயில்ல, வெறுந்தரையில இறக்கற வழக்கம் நம்மகிட்ட ஏது? மண்டபம் எங்கே இருக்கோ அங்கேதான் இறக்கணும். இங்கே இருக்கற மண்டபம் இதுதான்.”

வழக்கத்துக்கு எதிராக வாதாடும் அதிகாரம் எனக்கு இல்லை. என் கணினி அந்த இடத்தை ஏற்றுக்கொண்டது. தம்பி பார்த்த படம் அதுதான்.

இனி அந்த வராந்தாவில் நடந்ததைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். ஓட்டுநர் உரிமத்துக்கு வந்தவர்கள், புரோக்கர்கள், குமாஸ்தாக்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். யாரும் காரைத் தொடவில்லை. ஆனால் எல்லோருடைய கையும் அதன்மேல் ஓர் அங்குல உயரத்தில் காற்றைத் தடவிக்கொண்டு போயிற்று. தலையிலிருந்து வால்வரை அதில் நேர்கோடு என்று ஒன்று கிடையாது. முக்கொம்பில் மதகைத் தாண்டும் தண்ணீர் விழுவதற்கு முன் ஒரு வளைவு வளையுமே, முன் சக்கரத்துக்கு மேலே தகடு அப்படி வளைந்திருந்தது. கதவில் ஒரே ஒரு மடிப்பு. கைதேர்ந்தவர் புடவைக்கு வைக்கும் கொசுவம் போல, ஒன்றுக்குமேல் வேண்டாம் என்று தெரிந்து வைத்த மடிப்பு. முன்பக்கம் தாழ்ந்து நிற்பது, பந்தியில் பாயச வாளியைப் பார்த்தவன் இலைமேல் குனிவது போல இருந்தது. கிழித்து வைத்த தாள்களில் இதில் பாதிகூடத் தெரியாது. தாளைச் சுற்றிவந்து பார்க்க முடியாதல்லவா?

“இதுல என்னத்தைக் கண்டேன்னு கேக்கறார் இவர்” என்று கணவரைக் காட்டினார் டாக்டரம்மா. “நாள் பூரா எக்ஸ்ரே பார்க்கறேன் சார். எலும்பு நன்னா இருந்தா மேல தோலே சொல்லும். இந்தப் பின் சக்கரத்துக்கு மேல பாருங்கோ. அது தகடு இல்ல, தோள்பட்டை. உள்ள என்ன பலம் இருக்குன்னு வெளியில தெரியறது. ஆனா காமிச்சுக்கல.”

வரதன் குனிந்து அந்த இடத்தைத் தன் தொழில் கண்ணால் பார்த்தார். “சுமக்கற தோளுதான்” என்று ஒப்புக்கொண்டார்.

“பின் சீட்டே இல்லையேங்க” என்றார் காதர் பாய்.

“அதுக்காகவே வாங்கினேன் பாய். ஆஸ்பத்திரியில நாலு பேர் லிஃப்ட் கேக்க மாட்டா.”

நான் நடைமுறைப்படி ஆய்வைத் தொடங்கினேன். முதலில் முன்மூடியைத் திறக்க வேண்டும். திறந்தேன். உள்ளே ஒரு டிபன் கேரியரும் வெள்ளைக் கோட்டும் இருந்தன. காதர் பாய் எட்டிப் பார்த்து அலறினார்: “ஐயோ, என்ஜினைக் காணோம் சார்! பெங்களூர்லயே கழட்டிட்டானுங்க!” கூட்டத்தில் அனுதாபம் பரவியது. ஓர் அம்மாள் டாக்டரம்மாவின் கையைப் பிடித்து, போலீசில் சொல்லச் சொன்னார். இத்தனைக்கும் என்ஜின் அவர்கள் முதுகுக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருந்தது. அதை அணைத்து, பின்மூடியைத் திறந்து காட்டிய பிறகும், “பின்னால வெச்சா எப்படிங்க முன்னால போகும்?” என்று ஒருவர் நியாயம் கேட்டார்.

அடுத்து சேசிஸ் எண். தகட்டில் பொறித்த எண்மேல் மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எண் வெள்ளையாக எழும். இதை மட்டும் குஞ்சிதபாதம் யாரையும் நம்பி விடமாட்டார். டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு என்ஜின் அறைக்குள் தலையை விட்டார். லாரிகளில் இந்த எண்கள் கல்யாணக் கும்பலைப் போல ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கும். இதில் எல்லா எண்ணும் ஒரே உயரம், ஒரே இடைவெளி. அவர் தேய்த்தெடுத்த தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வழக்கமாக ஒரு தாள் எடுப்பார். அன்று இரண்டு எடுத்தார். இரண்டாவது எந்தக் கோப்புக்குப் போயிற்று என்று எனக்குத் தெரியாது.

சம்பத் வாங்கி வந்த வடைகளைத் தின்றபின், ஸ்ரீபாதம் தாங்கிகள் காரை மறுபடி தூக்கி, மண்டபத்துக்குள்ளேயே அரைச் சுற்றுச் சுற்றித் திருப்பி (பின்பக்கமாக நடக்கும் வழக்கமும் இல்லையாம்), மைதானத்தில் நடப்பட்ட ஒரே வேப்பமரத்தின் நிழலில் இறக்கிவிட்டுப் புறப்பட்டுப் போனார்கள். சாயங்காலம் புறப்பாடு இருந்தது. பிரேக், விளக்கு, புகை எல்லாம் பார்த்தேன். எல்லாம் சரி. குறை கண்டுபிடிக்க முடியாமல் போன வெட்கம் எனக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை வந்தது.

மணி நாலரை. பட்டியலில் ஒரே ஒரு இனம் பாக்கி: முன் எண்பலகைக்கு இடம்.

இடமே இல்லை. பெங்களூரில் மூக்கின்மேல் எண்ணை ஒட்டுத்தாளாக ஒட்டி ஓட்டியிருக்கிறார்கள். விதி அதை ஏற்காது. ஐந்நூறு மில்லிமீட்டர் நீளம், நூற்றிருபது உயரம், அலுமினியத் தகடு, கழலாமல் பொருத்த வேண்டும். குஞ்சிதபாதம் காகிதக் கட்டு வந்த அட்டைப் பெட்டியை அதே அளவுக்கு வெட்டி எடுத்துவந்து காரின் மூக்கில் வைத்துப் பார்த்தார். மேலே வைத்தால் வழுக்கியது. கீழே வைத்தால் காற்று போகும் வாய் அடைபட்டது.

“இதை வரைஞ்சவர் நம்பர் பிளேட்னு ஒண்ணு உலகத்துல இருக்கறதையே நினைக்கல” என்றார் மெதுவாக. “நடுவுல ரெண்டு துளை போட்டுத்தான் மாட்டணும்.”

“மூக்கு குத்தப் போறேளா?” என்றார் டாக்டரம்மா.

“விதிங்க.”

“எனக்கு ரெண்டு பக்கமும் குத்தியாச்சு. என் மூக்குல மாட்டி அனுப்புங்கோ.”

யாரும் சிரிக்கவில்லை. அவரே சிரிக்கவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். “அப்படின்னா பெங்களூருக்கே போகட்டும் சார். மூக்குல ஓட்டையோட என்கிட்ட இருக்கறதுக்கு, ஓட்டை இல்லாம கூண்டுல இருக்கட்டும்” என்றார்.

சம்பத் குடையை மடக்கினார். “வேதா, ஓட்டைதானே? போட்டுக்கலாம். நான் தினம் அந்தப் பக்கமா நின்னு மறைச்சுக்கறேன்” என்றார். காலையில் வண்டியே வேண்டாம் என்றவர். டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாரே தவிர, எழுந்திருக்கவில்லை.

குஞ்சிதபாதம் இதையெல்லாம் கேட்டும் கேட்காதது போல அட்டையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டை அழுக்காகும் என்றுகூடப் பார்க்காமல் தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, டார்ச்சை அடித்து, மூக்கை அங்குலம் அங்குலமாகத் தடவினார். இடது ஓரத்தில் அவர் விரல் நின்றது. மஞ்சளுக்குள் மஞ்சளாக, பத்து ரூபாய் நாணயம் அளவில் ஒரு மூடி. அழுத்தினார். திறந்தது. உள்ளே மரை போட்ட துளை.

“இது என்ன மிஸ்டர் ஞானசேகர்?” என்றார் என்னிடம்.

“இழுவைக் கொக்கி மாட்டற துளை சார். வண்டி நின்னு போனா கட்டி இழுக்கறதுக்கு.”

“இத்தாலிக்காரரே போட்டதா?”

“அவரே போட்டதுதான்.”

“அப்ப நாம புதுசா எதுவும் குத்தல.” அந்தத் துளையில் ஒரு கம்பி செருகினால் எண்பலகையைத் தாங்கும். அட்டையை இடது ஓரமாகப் பிடித்தார். விதிப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தோம். ‘முன்புறம், தெளிவாகத் தெரியும்படி’ என்றுதான் இருந்தது.

எனக்குத் தணிக்கை பயம். “சார், ஒரு பக்கமா இருக்கே, நாளைக்கு யாராவது ஆட்சேபணை எழுதுவாங்க. அதே துளையிலிருந்து ஒரு நீளப் பட்டை கொடுத்து நடுவுக்கு இழுத்துடலாமே?”

அவர் அட்டையைக் காதர் பாயிடம் கொடுத்து, நடுவில் பிடிக்கச் சொன்னார். பத்தடி பின்னால் போனார். தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தார். இடதுபக்கம் பிடிக்கச் சொன்னார். மறுபடி பார்த்தார்.

“நடுவுல வேண்டாம்” என்றார். “அசிங்கமா இருக்கும்.”

காதர் பாய் அட்டையைக் கீழே போட்டுவிட்டார். குஞ்சிதபாதம் தன் வாயிலிருந்து வந்ததுதானா என்று சந்தேகப்பட்டவர் போலச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு கோப்பை என் முதுகில் வைத்தே கையெழுத்துப் போட்டார். ஐந்து முப்பத்தெட்டு. பச்சை மை என் சட்டையில் கொஞ்சம் ஊறியது.

டாக்டரம்மா எழுந்து வந்து இரண்டு கையாலும் அந்தத் தாளை வாங்கிக்கொண்டார். மூக்கை உறிஞ்சிவிட்டு, “சார், கே.கே. நகர் வரைக்கும் கொண்டு விடட்டுமா? இவர் பஸ்ல வந்துடுவார்” என்றார்.

“கூடாதுங்க. நடத்தை விதி இருக்கு. விண்ணப்பதாரர் வண்டியில ஏறக் கூடாது.”

கார் மேடில்லாத அந்த வெளியேறும் கேட்டை நோக்கி உருண்டது. அப்போது குஞ்சிதபாதம் இரண்டடி ஓடி, ஜன்னலருகே குனிந்தார். “காலையில ஆஸ்பத்திரிக்கு எந்த வழியாப் போவீங்க? எத்தனை மணிக்கு?”

“சத்திரம் பஸ் ஸ்டாண்டு வழியா. எட்டு பத்துக்கு அங்கே இருப்பேன். ஏன் சார்?”

“பதிவேட்டுக்குத்தான்” என்றார். அப்படி ஒரு பதிவேடு எங்கள் அலுவலகத்தில் இல்லை.

காதர் பாய் தன் லாரியைச் சோதனைக்கு விடவே மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் மறுபடி வந்தார்.

எண்பலகை பொருத்திய அடுத்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, சத்திரம் பேருந்து நிலையத்தின் எதிரே பூக்கடை ஓரமாகக் குஞ்சிதபாதம் நின்றுகொண்டிருந்தார். கையில் காலிப் பை. கே.கே. நகரிலிருந்து அலுவலகம் போகிறவர் அந்தப் பக்கம் வரவே வேண்டியதில்லை. என்னைப் பார்த்ததும், “காய்கறி” என்றார். நான் எதற்கு அங்கே நின்றேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் கையில் பைகூட இல்லை.

மூன்று பஸ்கள் போயின. எட்டே காலுக்கு ஆட்டோக்களுக்கும் கல்லூரி பஸ்ஸுக்கும் நடுவே அந்த மஞ்சள் வந்தது. எண்பலகை இடது ஓரமாக இருந்தது. வளைவில் திரும்பி மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கடிகாரத்தைப் பார்த்து, “அஞ்சு நிமிஷம் லேட்” என்றார்.

இருவரும் ஒரே பஸ்ஸில்தான் அலுவலகம் போனோம். தனித்தனி சீட்டில் உட்கார்ந்துகொண்டோம்.